தவிர்த்த கோப்புகளின் பட்டியல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் கணினியில் கோப்புகளை வேறு கோப்புறைக்கு நகர்த்தும்போது, அதே பெயருள்ள கோப்பு அங்கே ஏற்கெனவே இருந்து, நாம் 'தவிர்' என்று சொன்னால், நாம் நகர்த்த முயன்ற கோப்பு பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஒப்பிடப்படுவது பெயர் மட்டுமே, உள்ளடக்கம் அன்று. பல டிஜிட்டல் கேமராக்கள் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண்ணிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்கள் ஒரே பெயரில் அமைவதுண்டு. அவ்வாறு மிஞ்சிய படங்களை, நகல்கள்தாமே என்றெண்ணிப் பழைய கோப்புறையோடு அழித்தவன் நான். என் அவசரமும் அதற்குக் காரணம்தான். எனினும், பணி முடிந்ததும் சத்தமின்றி மூடிக்கொள்ளும் அந்தச் சாளரம், தவிர்க்கப்பட்டவை எத்தனை, அவற்றுள் அளவிலோ தேதியிலோ வேறுபடுபவை எவை என்பதைக் கடைசியில் காட்டியிருந்தால் அவற்றை இழந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்