சாக்குப் பையை மாட்டும் முன்: நாடகக் குழுக்களுக்கும் விழா அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அரங்கப் பணியிலும் உளவளத் துணையிலும் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். போர்க்கால விசாரணையில் சிக்கி மீண்டவர்களைப் பற்றி நீங்கள் நாடகம் போடுகிறீர்கள். ஜூன் 26, சித்திரவதைக்கு உள்ளானோருக்கு ஆதரவாக ஐ.நா. அறிவித்த நாள், அதை ஒட்டியும் போடுகிறீர்கள். போட வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம். ஆனால் ஒரு காட்சியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அந்தக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். ஒற்றை பல்பு, இரும்பு நாற்காலி, வாளித் தண்ணீர், உறுமும் இரண்டு பேர், ஓர் அலறல், விளக்கணைப்பு. அதைச் சுருக்குங்கள்; முடிந்தால் எடுத்தே விடுங்கள். மிச்சமாகும் நேரத்தை, இருபது ஆண்டு கழித்து அந்த மனிதர் தன் வீட்டில் எப்படி நடக்கிறார், எப்படித் தூங்குகிறார் என்பதற்குக் கொடுங்கள். நாடகம் அங்கேதான் இருக்கிறது.

அடியும் அலறலும்தான் சித்திரவதை என்று மேடை நம்மைப் பழக்கிவிட்டது. 1971இல் வட அயர்லாந்தில் விசாரணைக் கைதிகள் 14 பேர் மீது கையாளப்பட்ட முறைகளைப் பாருங்கள்: தலையில் பை, சுவரோரமாக மணிக்கணக்கில் நிற்க வைத்தல், விடாத இரைச்சல், தூக்கம் மறுத்தல், உணவையும் நீரையும் குறைத்தல். இந்த ஐந்துக்கும் யாரும் கை ஓங்க வேண்டியதில்லை. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவற்றை மனிதத்தன்மையற்றவை, இழிவுபடுத்துபவை என்றது. சித்திரவதை என்று சொல்ல மட்டும் மறுத்துவிட்டது. சத்தமில்லாத கொடுமையைக் கொடுமை என்று ஒப்புக்கொள்ள நீதிமன்றமே தயங்கியது என்றால், அலறலை மட்டும் காட்டும் நாடகம் யார் பக்கம் போய் நிற்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். உள்ளங்காலில் அடிபட்டவருக்குச் சில வாரங்களில் வெளிக்காயம் மறைந்துவிடும். ஆனால் குதிகாலில் மெத்தைபோல இருக்கும் கொழுப்புத் திண்டு சிதைந்திருக்கும். பிறகு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் நேரே எலும்பில் இறங்குகிறது. அவர் நொண்டமாட்டார். சிறு சிறு எட்டாக, பாதத்தின் வெளி விளிம்பில் எடையைப் போட்டு நடப்பார். படியிறங்கும்போது கைப்பிடியை விடமாட்டார். நடிகர் இந்த நடையைத் தினமும் பத்து நிமிடம் என இரண்டு வாரம் பழகினால் போதும். செருப்புக்குள் கல் போட்டுக்கொள்ள வேண்டாம்; அது வேறு வலி, நடையும் வேறாகிவிடும்.

கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டவருக்குத் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டிருக்கும். கை தலைக்கு மேலே போகாது. வசனமே இல்லாமல் இதைக் காட்டலாம். துணி காயப்போடும் கொடியை அந்த வீட்டில் நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். போர்வையின் நுனி தரையில் புரள்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புதிதாக வந்த மருமகள் கொடியை உயர்த்திக் கட்டப் போகிறாள். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொள்கிறார்.

திடுக்கிடுதலை அநேகமாக எல்லா நடிகரும் தவறாகவே செய்கிறார்கள். எகிறிக் குதிக்கிறார்கள், காதைப் பொத்திக்கொள்கிறார்கள். உடல் திடுக்கிடுவது ஒரு விநாடிக்குள் முடிந்துபோகும். காட்ட வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. தட்டு விழுகிறது. அவர் பேச்சு பாதியில் நிற்கிறது. மூச்சு மேல்நெஞ்சிலேயே தங்குகிறது. ஏறிய தோள் இறங்கவில்லை, கையிலிருக்கும் டம்ளர் அசையவில்லை. மேடையில் இதற்கு முழுதாக ஒன்றரை நிமிடம் விடுங்கள். அதற்குள் மகள் தட்டைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறாள். அவளுக்கு இது பழக்கம். தூங்கும் அப்பாவைத் தொட்டு எழுப்பக் கூடாது, கால்மாட்டில் கை எட்டாத தூரத்தில் நின்று கூப்பிட வேண்டும் என்பதையும் சின்ன வயதிலேயே கற்றிருப்பாள்.

அடுத்தது நாடகப் பிரதி. உச்சக்கட்டத்தில் பாதிக்கப்பட்டவர் எழுந்து நின்று, கைதான நாள் முதல் விடுதலையான நாள் வரை வரிசையாக, அழகான தமிழில் மூன்று பக்கம் பேசுகிறார். அப்படி யாரும் பேசுவதில்லை. கண் கட்டப்பட்டிருந்தவரிடம் முகம் இல்லை. ஒரு சாவிக்கொத்துச் சத்தம், சிகரெட் வாடை, ஒருவன் தொண்டையைச் செருமும் விதம், இவைதான் இருக்கின்றன. வாக்கியம் இப்படித்தான் வரும்: “சுவரோரமா நிக்க வச்சாங்க. விடிஞ்சிருச்சான்னு தெரியல. கால் வீங்கிருச்சு. வீங்குது. தண்ணி கேக்கக் கூடாது.” இறந்தகாலம் பாதி வழியில் நிகழ்காலமாக வழுக்குவதைக் கவனியுங்கள். ‘நான்’ என்ற சொல்லே இல்லை. அவருக்கு அது நடந்து முடிந்த கதை அன்று, இப்போது நடந்துகொண்டிருக்கிறது. தூங்கவிடாமல் வைக்கப்பட்ட மூளை நாட்களை வரிசை எண் போட்டுச் சேமிப்பதில்லை. அதனால் மூன்று தடவை சொன்னால் மூன்று தடவையும் கணக்கு மாறும். இப்படி மாறுவதையே பொய்யென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்காக 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்ட ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை விளக்குகிறது. ஒத்திகைக்கு முன்பு இயக்குநர் அதைப் படித்தே ஆக வேண்டும். இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம். “காட்டிக்கொடுத்தது யார்?” என்பதைத் திருப்பமாக வைத்துக் கதை பின்னாதீர்கள். விசாரணை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவரைத் தின்றுகொண்டிருப்பது பல நேரம் அடியின் வலி அன்று. ‘நான் பெயர் சொன்னேனா?’ என்ற கேள்வி. சொல்லியிருந்தாலும் அது அவருடைய சொல் இல்லை, அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது. விசாரணையின் நோக்கமே அவரை அவர் கண்ணிலும் ஊர் கண்ணிலும் துரோகியாக்குவதுதான். திரை விலகியதும் ‘இவன்தான்’ என்று மேடை விரல் நீட்டினால், அந்த வேலையை நாமே முடித்துக் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

விசாரித்தவனைப் பற்றியும் எழுதுங்கள், ஆனால் மீசை முறுக்கும் வில்லனாக வேண்டாம். பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டு நடந்த அல்ஜீரியப் போரின்போது அங்கே பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ட்ஸ் ஃபனோன், சித்திரவதை செய்தவர், பட்டவர் என இரு தரப்பையும் நோயாளிகளாகப் பார்த்தவர். அலறல்கள் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொல்லி, இரவில் சன்னலைச் சாத்திக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்ட ஒரு காவலரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் காவலர் மருத்துவமனை வளாகத்தில், தான் விசாரித்த ஒருவரை எதிர்பாராமல் கண்டு நடுங்கிப்போனார். விசாரிக்கப்பட்ட அந்த நோயாளியோ, தன்னை மறுபடி பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று நம்பிக் கழிப்பறையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. மரங்கள் நிற்கும் ஒரு மருத்துவமனை வளாகம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் விசாரணைக் காட்சி வேண்டும் என்றால், நடிகரைக் காப்பாற்றிக்கொண்டு செய்யுங்கள். தலையில் மாட்டும் பை, எதிர்ப்புறம் வெளிச்சம் தெரியும் மெல்லிய பருத்தித் துணியாக இருக்கட்டும். கழுத்தில் கட்ட வேண்டாம், சும்மா தொங்கட்டும். கைக்கட்டு பொய் முடிச்சு. அதன் நுனி நடிகரின் உள்ளங்கைக்குள்ளேயே இருக்க வேண்டும். முகத்தை மூடிய துணிமேல் தண்ணீர் ஊற்றுவது ஒத்திகையில்கூடக் கூடாது. ஈரத்துணி மூக்கில் ஒட்டினால் அது நடிப்பு இல்லை, மெய்யாகவே மூச்சுத் திணறல். “விடுங்க”, “வேண்டாம்” எல்லாம் வசனத்தில் இருப்பதால் அவற்றை நிறுத்தச் சைகையாக வைக்க முடியாது. நடிகர் கையில் ஓர் எவர்சில்வர் கரண்டியைக் கொடுங்கள். அது தரையில் விழுந்த நொடியே விளக்குகள் எரிய வேண்டும், காட்சி நிற்க வேண்டும். முழு வேகத்தில் ஒரு நாளைக்கு இரண்டு ஒத்திகைக்கு மேல் வேண்டாம். “உன் வாழ்க்கையில் நடந்த கொடுமையை நினைத்துக்கொள்” என்று எந்த இயக்குநரும் சொல்லக் கூடாது. முடிந்ததும் இருவரும் உடையைக் களைந்து, முகம் கழுவி, ஒருவரையொருவர் சொந்தப் பெயரால் அழைத்துவிட்டு வெளியேறட்டும். விசாரிப்பவராக நடிப்பவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாமல் கிடப்பவர் அவராகவும் இருக்கலாம்.

அரங்கத்துக்குள் வருபவர்களில் யாருக்கு என்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வாசலில் சீருடைக்காரர்களை நிறுத்திப் பையைச் சோதிப்பது, அடையாள அட்டை கேட்பது போன்ற ‘அனுபவ அரங்க’ முயற்சிகளை அறவே விடுங்கள். விட்டு விட்டு மின்னும் துடிவிளக்கு (strobe) வேண்டாம், விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை அடிக்கும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். பூட்ஸ் ஒலி, கதவு ஒலி எதையும் உச்சத்தில் தொடங்காதீர்கள். நான்கைந்து விநாடியில் மெல்ல ஏற்றுங்கள். உடலை உலுக்குவது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை, அது வரும் திடீரென்ற வேகமும்தான்.

“இளகிய மனம் படைத்தோர் தவிர்க்கவும்” என்ற அறிவிப்பால் பயனில்லை. எச்சரிக்கை மட்டும் மனவேதனையைக் குறைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விவரம் சொல்லுங்கள்: “நாடகம் தொடங்கி 40 நிமிடத்தில் ஒருவர் தலையில் பை மாட்டப்படும், 3 நிமிடம் நீடிக்கும். வலப்பக்கக் கதவு திறந்தே இருக்கும். வெளியே போய்விட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.” அந்தக் கதவருகே ஒருவர் நிற்கட்டும். வெளியே வருபவரைத் தொட வேண்டாம், “என்ன ஆச்சு?” என்று கேட்கவும் வேண்டாம். தண்ணீர் கொடுத்து, இடத்தையும் கிழமையையும் நேரத்தையும் சொல்லி, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் போதும்.

நாடகம் முடிந்ததும் மைக்கை நீட்டி “உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்” என்பதையும் நிறுத்துங்கள். நிகழ்ந்ததை ஒரே அமர்வில் சொல்ல வைப்பது பின்னாளைய உளக்காயத்தைத் தடுப்பதில்லை என்பது மருத்துவத்தில் தெளிவாகிவிட்ட விஷயம். சிலருக்கு அது கேடாகவும் முடிகிறது.

நடுவர்களே, மதிப்பெண் தாளில் ‘உணர்ச்சி வெளிப்பாடு’ என்ற தலைப்புக்கு எதிரே எண் போடும்போது, அலறியவரோடு சேர்த்து, தட்டைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்த மகளையும் பாருங்கள். அமைப்பாளர்களே, பிரதியை ஆறு வாரம் முன்னதாகக் கேட்டு வாங்கி, உளவளத் துணையாளர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். கதவோர இருக்கைகளில் பத்தையாவது சிறப்பு விருந்தினருக்கு ஒதுக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அரங்கிலும் உளவளத் துணையிலும் பணிபுரியும் சிலர்