பாதியில் நின்றவர்கள் ஏறும் வண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் ஒரு படம் வெளியாகியிருந்தது. கோடைக்கால ஓட்டப் பந்தயம் ஒன்றில், முடிவுக் கோட்டுக்குச் சில அடிகள் முன்பாகக் கால் பின்னித் தரையில் விழுந்த ஒருவர், இரண்டு பேர் தோள்கொடுக்க எழுந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்தபடியே கோட்டைக் கடக்கும் படம் அது. கீழே அவருடைய மன உறுதியைப் பாராட்டி நான்கு வரிகள் இருந்தன. என் கணவரும் நானும் சேர்ந்துதான் அதைப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டார். எனக்கு அப்படிப் புரட்ட முடியவில்லை. அந்த நான்கு வரிகள் தவறானவை என்பதையும், அவை யாரையேனும் ஆபத்தில் கொண்டுபோய்விடக்கூடும் என்பதையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் வீரர்கள் அல்லர். திருமணமாகி 24 ஆண்டுகள் ஆகின்றன. ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுகள். இந்தக் கோடைக்கு ஒரு மாதம் முன்பே நாட்காட்டியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு திட்டமிட்டோம். என் அண்ணன் மகளின் திருமணம், மகனின் பட்டமளிப்பு, கணவருடைய நண்பரின் பணி ஓய்வு விழா, எங்கள் திருமண நாள் என நான்கு கொண்டாட்டங்கள். 5, 10, 21 கிலோமீட்டர்கள் என மூன்று பந்தயங்கள். இடையே இரண்டு சிறு பயணங்கள். வார இறுதிகள் போதவில்லை. ஆகவே திருமணம் சனிக்கிழமை மாலை, பந்தயம் மறுநாள் காலை என்று ஒன்றின் தலையில் இன்னொன்றை ஏற்றினோம். வெளியூரில் நடக்கும் பந்தயத்தோடு இரண்டு நாள் தங்கலைச் சேர்த்துக்கொண்டபோது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடுவது பற்றிப் பேச்சு எழுந்தால் அவருக்குச் சொல்வதற்கு ஒரு கதை தயாராக இருக்கும். செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் சாட்டோபெக்கும் அவருடைய மனைவி டானாவும் பிறந்தது 1922 செப்டம்பர் 19 என்ற ஒரே நாளில். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஜூலை 24 அன்று எமில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே நாளில் டானா ஈட்டி எறிதலில் 50.47 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஏற்கெனவே 10,000 மீட்டரை வென்றிருந்த எமில், மூன்று நாள் கழித்து, வாழ்நாளில் அதற்கு முன் ஒருமுறைகூட ஓடியிராத மாரத்தானிலும் முதலாவதாக வந்தார். கொண்டாட்டமும் ஓட்டமும் பயணமும் ஒரே கோடையில் கூடிவந்த தம்பதி என்றால் அவர்கள்தாம் என்பார் என் கணவர். ஹெல்சிங்கியின் கோடை மிதமானது, நாம் ஓடும் கோடை அப்படிப்பட்டதன்று என்று நான் சொன்னால் மட்டும் காதில் வாங்கமாட்டார்.

பத்து கிலோமீட்டர் பந்தயத்தன்று அது காதில் விழுந்தது. முந்தைய இரவு திருமண வீட்டிலிருந்து திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. உறக்கம் மூன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம். ஆறு மணிக்குத் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்ட ஓட்டம், மேடையில் ஒருவர் பின் ஒருவராக வாழ்த்திப் பேசியதால் ஆறு ஐம்பதுக்குத்தான் தொடங்கியது. அந்த ஐம்பது நிமிடமும் நாங்கள் நிழலற்ற இடத்தில், தொடக்கக் கோட்டின் பின்னே நெருக்கியடித்து நின்றோம். ஏழாவது கிலோமீட்டரில் அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். ஓடும்போது ஓயாமல் பேசுகிறவர், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கினார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன், ஐந்து என்றார். மூன்றுதானே என்றதற்கு எரிந்து விழுந்தார். பிறகு சாலையின் இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து செல்லலானார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, ஒரு மரத்தடிக்கு இழுத்துச் சென்றேன். இழுத்துத்தான் சென்றேன், அவர் வர மறுத்தார். அங்கே வந்த தன்னார்வலரான இளைஞர், "இன்னும் இரண்டரை கிலோமீட்டர்தான் சார், விட்டுடாதீங்க" என்று நல்லெண்ணத்தோடு கைதட்டினார்.

அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தமில்லை. தங்கள் நாளிதழில் வந்தது போன்ற படங்களையும் வரிகளையும் பார்த்து வளர்ந்தவர் வேறு என்ன சொல்வார்? தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, நனைத்த துண்டால் போர்த்தி, விசிறி, அரை மணி நேரத்தில் என் கணவர் தெளிந்தார். அது வெப்பச் சோர்வு, அடுத்த படிக்குப் போகவில்லை என்று மருத்துவர் பின்னர் கூறினார். ஏழாவது கிலோமீட்டருக்குப் பிறகு நடந்தவற்றில் பாதி தமக்கு நினைவில்லை என்று அவர் இன்றுவரை சொல்கிறார்.

நான் வலியுறுத்த விரும்புவது இந்த நினைவின்மையைத்தான். ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற உடலுக்குக் கிடைத்த முதன்மையான வழி, வியர்வை ஆவியாவதுதான். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தோலின்மேல் உலரும் வியர்வைதான் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது உலர்வதில்லை. வெளியேறாத வெப்பம் உள்ளேயே சேர, உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடந்து மூளையின் செயல்பாடும் குலையும் நிலையை ஹீட் ஸ்ட்ரோக் என்கிறார்கள். அதற்கு முன்பே பேச்சு குழறுகிறது, கோபம் வருகிறது, கணக்குத் தப்புகிறது. நிற்பதா, ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே தடுமாறிக்கொண்டிருக்கும்போது, தொடர்ந்து ஓடுவதை மன உறுதி என்று எப்படிச் சொல்வது? படத்தில் இருந்தவரின் தலைச் சாய்வை நான் மரத்தடியில் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய படங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கான மாரத்தான் நடந்தபோது, சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலில் உடல் கோணி, தள்ளாடித் தள்ளாடி மைதானத்தின் கடைசிச் சுற்றைக் கடக்க ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் ஆயின. அவர் 37-வதாக முடித்தார். சில மணி நேரத்தில் தேறியும்விட்டார். அருகே நடந்த மருத்துவர்கள், அவருக்கு இன்னும் வியர்க்கிறதா என்று கவனித்தபடியே அவரைப் போகவிட்டார்கள் என்பதை அந்தக் காட்சியைப் பாராட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் கடும் வெயிலில் சுருண்டு விழுந்த போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ மறுநாள் இறந்துபோனார். அவரிடமும் மன உறுதி குறைவாக இருந்திருக்காது.

உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுக்கே இன்று வெயிலை முன்னிட்டு ஏற்பாடுகள் மாற்றப்படுகின்றன. 2019-ல் தோஹாவில் நடந்த உலக தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தான் நள்ளிரவையொட்டித் தொடங்கப்பட்டது. அப்படியும் புழுக்கம் தாளாமல், தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டங்கள் வெப்பத்துக்கு அஞ்சி வடக்கே சப்போரோவுக்கு மாற்றப்பட்டன. அங்கும் 2021 ஆகஸ்டு 7 அன்று பெண்கள் ஓட்டம், முந்தைய மாலைதான் எடுத்த முடிவின்படி, ஒரு மணி நேரம் முன்னதாக ஆறு மணிக்கே தொடங்கப்பட்டது. அவர்களுக்காக ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னே இழுக்கிறார்கள். அலுவலகம் போய்வந்து, வாரம் மூன்று நாள் ஓடிப் பழகும் எங்களைப் போன்றோருக்கு வாழ்த்துரைகளுக்காக ஐம்பது நிமிடம் பின்னே தள்ளுகிறார்கள். வாழ்த்துரைகளை ஓட்டம் முடிந்தபின் வைத்துக்கொண்டால் யாருக்கும் குறையில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியது இன்னும் உண்டு. வெறும் வெப்பநிலையைப் பார்த்து ஓட்டத்தை நடத்துவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது போதாது. காற்றின் ஈரப்பதம், வெயிலின் நேரடித் தாக்கம், காற்றோட்டம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய, டபிள்யூ.பி.ஜி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் அளவு 1950-களிலேயே ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக உருவாக்கப்பட்டது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கரிய கோளத்துக்குள் உள்ள வெப்பமானியின் அளவில் இரண்டு பங்கு, நிழலில் காட்டும் சாதாரண வெப்பநிலையில் ஒரு பங்கு எனக் கூட்டினால் அது கிடைக்கும். பெரும்பங்கு ஈரத்துக்கே என்பதிலிருந்து, புழுக்கம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். இந்த அளவு 28-ஐத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பரிந்துரைத்திருக்கிறது. சாதாரண வெப்பமானியில் 28 என்பது இதமான நாளாகத் தோன்றும். இந்த அளவில் அது வேறு. நாங்கள் ஓடிய மூன்று பந்தயங்களில் ஒன்றிலும் இந்த எண் எழுதிய பலகை எங்கள் கண்ணில் படவில்லை. எண்ணுக்கேற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு எனக் கொடி ஏற்றிவிட்டால் எழுத்துக்கூட வேண்டியதில்லை.

அடுத்தது பதிவுக் கட்டணம். ஒருமுறை செலுத்திவிட்டால் திரும்பக் கிடைக்காது, அடுத்த ஆண்டுக்கும் மாற்ற முடியாது என்ற விதி, தொகை சிறியதாயினும், மனத்தில் பெரிதாகவே உறுத்தும். அந்தக் காலையில் மூன்றரை மணி நேரமே தூங்கியிருந்த நாங்கள் படுக்கையை விட்டு எழுந்ததற்கு அந்த விதியும் ஒரு காரணம். தூக்கமின்மை வெப்பப் பாதிப்பை எளிதாக்கும் என்று தெரிந்தே எழுந்தோம். ஆகவே பழியில் பாதி எங்களுடையது. மீதிப் பாதியில் எங்கள் பயணத்துக்கும் பங்குண்டு. வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அப்போதுதான் வியர்வை சீக்கிரமாகவும் கூடுதலாகவும் சுரக்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். நாங்களோ அதற்கு முந்தைய வாரம் குளிர்ந்த மலைப்பகுதியில் நான்கு நாள் சுகமாக இருந்துவிட்டு, திருமண மண்டபத்தின் குளிர்சாதனத்திலிருந்து நேரே தொடக்கக் கோட்டுக்குப் போனோம்.

இதைக் கேள்விப்பட்ட உறவினர் எல்லாரும் தந்த அறிவுரை, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதாக இருந்தது. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு சோடியம் என்ற உப்புச்சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்திருந்தவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அரை மாரத்தானுக்கு, அதாவது எங்கள் 21 கிலோமீட்டர் பந்தயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வார இறுதியில் இருந்த பணி ஓய்வு விழாவில் முகத்தைக் காட்டிவிட்டு ஒன்பது மணிக்கே வீடு திரும்பினோம். இரண்டாவது பயணத்தையும் பந்தயத்துக்குப் பிந்தைய வாரத்துக்கு மாற்றிக்கொண்டோம். ஓட்டத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: இருவரில் யார் "நிற்போம்" என்றாலும் மற்றவர் மறு கேள்வி கேட்கக்கூடாது. வழக்கமாக அவர் என்னைவிட வேகமாக ஓடுவார். அன்று என் வேகத்துக்குத் தம்மைக் குறைத்துக்கொண்டார். கிலோமீட்டருக்கு ஒருமுறை நான் ஒரு கணக்குக் கேட்டேன், அவர் விடை சொன்னார். வாய்ப்பாட்டில் அவர் இன்னும் தேர்ச்சியுடன் இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பதினான்காவது கிலோமீட்டரில் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. வெயிலில் சிலிர்ப்பு நல்ல அறிகுறியன்று. இம்முறை நிற்போம் என்றது நான்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னால் வந்த வண்டியில் ஏறினோம். உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைச் சிலர் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் அதை மூடியிருந்தார். தவறு செய்து பிடிபட்டவர்களைப் போல யாரும் யாரையும் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டருகே வண்டி நின்றபோது, அங்கே குழுமியிருந்த புகைப்படக்காரர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எங்களுக்குப் பின்னால் இறங்கிய ஓர் இளம்பெண், தன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்களோ என்று என் கணவரிடம் கவலையோடு கேட்டாள்.

தங்கள் புகைப்படக்காரர் அடுத்த பந்தயத்துக்குச் செல்லும்போது, முடிவுக் கோட்டை விட்டுச் சற்று விலகி, அந்த வண்டி வந்து நிற்கும் இடத்திலும் பத்து நிமிடம் காத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இறங்குபவர்கள் சம்மதித்தால் ஒரு படம் எடுத்து வெளியிடுங்கள். கீழே நான்கு வரிகள் எழுதுவதற்கு அங்கும் செய்தி இருக்கிறது. இந்தக் கோடையில் அந்த வண்டியில் சென்றவர்கள் என்ற முறையில், எங்கள் இருவரையும் படம் எடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி