புகார்: நீங்கள் அனுப்பிய டென்ஷன் மீட்டர் தவறான அளவு காட்டுகிறது

அனுப்புநர்:
சாலைத் தடுப்பு பராமரிப்பு ஒப்பந்தக்காரர்,
பன்வேல், நவி மும்பை.

பெறுநர்:
மேலாளர், விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: சாலைத் தடுப்பு வயர் ரோப்புக்கென வாங்கிய டென்ஷன் மீட்டர், கிரேன் கயிற்றுக்கு காலிபரேட் செய்யப்பட்டிருப்பது குறித்து.

ஐயா,

வணக்கம். சாலைத் தடுப்பாகக் கம்பங்களில் இழுத்துக் கட்டும் எஃகுக் கயிறு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அளக்க, போன மாதம் முழுப் பணமும் கட்டி உங்களிடம் ஒரு டென்ஷன் மீட்டர் வாங்கினேன். ஆர்டரிலேயே எங்கள் கயிற்றின் விவரத்தைத் தெளிவாக எழுதியிருந்தேன்: 19 மில்லிமீட்டர் கனம், மூன்று புரி, புரிக்கு ஏழு கம்பி. நீங்கள் அனுப்பியதோ, அதே கனத்தில் ஆறு புரியும் புரிக்கு 19 கம்பியும் உள்ள கிரேன் கயிற்றுக்குச் சரிபார்த்த மீட்டர். சர்டிபிகேட்டில் '19 மி.மீ.' என்று மட்டும்தான் இருந்தது. எந்த ரகக் கயிறு என்பது, மீட்டரின் வரிசை எண்ணைச் சொல்லி உங்கள் சர்வீஸ் பிரிவுக்கு நான் போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

கனம் ஒன்றுதானே என்று போனில் பேசியவர் சொன்னார். அது சரியல்ல. இந்த மீட்டர் இரண்டு முனைகளில் கயிற்றைத் தாங்கி, நடுவில் அழுத்தி, அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்து இழுவிசையைக் கணக்கிடுகிறது. எங்கள் முப்புரிக் கயிற்றில் கம்பிகள் குறைவு, ஒவ்வொன்றும் தடிமன். அதனால் கயிறே விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பையும் சேர்த்து இழுவிசை என்று உங்கள் மீட்டர் காட்டிவிடுகிறது. கயிறு தொய்வாக இருக்கும், திரையில் எண் சரியாக இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். மும்பை–புனே விரைவுச்சாலையின் நடுத்திட்டில் ஒரு லாரி மோதி பதினொரு கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. ஒரு கயிற்றில் மடிப்பு விழுந்திருந்தது. மடிப்பு விழுந்த கயிற்றை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. கயிற்றை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் தளர்த்தி, இழுவிசை முழுக்க இறங்கிய பிறகு அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் துண்டை இணைத்தோம். வளைந்த கம்பங்களை, தரையில் பதித்த சாக்கெட்டிலிருந்து உருவிப் புதியவற்றை இறக்கினோம். மேல் கயிற்றைக் கம்பத் தலையின் பள்ளத்தில் உட்கார வைத்து, கீழ் மூன்றையும் கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாகப் பின்னிக் கொண்டுபோனோம். அப்புறம் இழுவிசை ஏற்றினோம். கயிற்றின் வெப்பம் 35 டிகிரி. எங்கள் தளத்து அட்டவணைப்படி அந்த வெப்பத்துக்கு 22 கிலோநியூட்டன் வர வேண்டும். உங்கள் மீட்டர் நான்கு கயிற்றிலும் 22 காட்டியது.

எங்கள் மேஸ்திரி நாங்குநேரிக்காரர். மீட்டரைக் கழற்றியதும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே மேல் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். “அண்ணாச்சி, கயிறு கைக்கு லூசா இருக்கு. மீட்டர் என்ன சொன்னாலும் எனக்கு மனசு ஒப்பல” என்றார். டர்ன்பக்கிளைப் பார்த்தேன். வழக்கமாக இந்த நீளத்துக்கு ஏறும் அளவுக்கு மரை ஏறவே இல்லை. பளபளவென்று கிரீஸ் பூசிய மரை வெளியே நிறைய நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பகுதியில் வேலை செய்யும் இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் மீட்டர் இரவல் வாங்கி அளந்தோம். 15 காட்டியது. நான்கு கயிற்றிலும் ஏறத்தாழ அதேதான். அன்று மேஸ்திரி கை வைக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அப்படியே கூம்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம்.

இந்தத் தடுப்பில் கம்பம் மடங்குவதற்கென்றே இருக்கிறது. வண்டியைத் தாங்கிப் பிடித்து வழி திருப்புவது கயிறுதான், அதுவும் இழுவிசை இருந்தால்தான். தொய்ந்த கயிறு வண்டியோடு சேர்ந்து இன்னும் தூரம் போகும். நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையில் பேருந்தும் காரும் வந்துகொண்டிருக்கின்றன. தொய்ந்த கயிறும் இறுக்கமான கயிறும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்காகத்தானே மீட்டர் வாங்குகிறோம்? மீட்டரே இல்லாதிருந்தால் சந்தேகத்தோடு வேலை செய்திருப்போம். உங்கள் சர்டிபிகேட்டை நம்பியதால் சந்தேகம்கூட வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நான்கு கயிற்றையும் மறுபடி ஏற்ற இன்னொரு நாள் லேனை அடைக்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆட்கூலி, அம்பு விளக்கு வண்டி வாடகை எல்லாம் என் கையிலிருந்து போயிற்று. ரசீதுகளை இணைத்திருக்கிறேன். அதே மீட்டரால் அதற்கு முன் சரிசெய்த இரண்டு இடங்களையும் இந்த வாரம் திரும்பப் போய் அளக்கிறோம். அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

மீட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எங்கள் முப்புரிக் கயிற்றுக்கே காலிபரேட் செய்த மீட்டரை அனுப்புங்கள். அதன் சர்டிபிகேட்டில் கனத்தோடு கயிற்றின் ரகமும் எழுதியிருக்க வேண்டும். அது வரும் வரை வாடகை மீட்டருக்கு ஆகும் தொகையும் மறுவேலைச் செலவும் நீங்கள் தர வேண்டும். இவற்றையெல்லாம்விட அவசரமானது ஒன்று: சாலைத் தடுப்பு வேலைக்கென்று இதே ரக மீட்டரை வேறு யாருக்கெல்லாம் விற்றீர்களோ, அவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். அவர்கள் ஏற்றிவிட்டுப் போன கயிறு எந்தச் சாலையில் தொய்ந்து நிற்கிறதோ தெரியாது.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் நகல், சர்டிபிகேட் நகல், இரண்டு மீட்டர்களின் அளவுப் படங்கள், செலவு ரசீதுகள்