சுத்தத்தை அளந்துவிட்டு நோய்க் கணக்கு எழுதாதீர்கள்

கொங்கு மண்டலப் பல் மருத்துவக் கல்லூரிகளின் சமூகப் பல் மருத்துவத் துறையினருக்கு,

வணக்கமுங்க. சோமனூர், பல்லடம், குமாரபாளையம் என்று தறி ஓடும் ஊர்களில் நீங்கள் முகாம் போடுவது நல்ல காரியம். நீங்கள் எண் சொல்லச் சொல்லப் படிவத்தில் எழுதுகிறவன் நான். எனக்கு மனத்தாங்கல் அந்தப் படிவத்தின் மேல்தான்.

பல முகாம்களில், 1964-ல் கிரீனும் வெர்மிலியனும் சுருக்கித் தந்த வாய்ச் சுத்த அளவுகோலோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆறு பல், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம். அழுக்கும், பல்லில் கெட்டியாகப் படிந்த காரையும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஈறு நோய் எவ்வளவு என்று தெரியாது. இதில் ஒரு கூத்து வேறு: அழுக்கே இல்லாமல் கறை மட்டும் இருந்தாலும் 1 போடச் சொல்கிறது அது. வெற்றிலை போட்டுக் கறையேறிய பல் எத்தனை துலக்கினாலும் பூஜ்யம் வாங்காது.

ரத்தக்கசிவை மட்டும் பார்ப்பதும் சரிப்படாது. பீடி பிடிப்பவருக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அவரை நல்ல ஈறு என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். வயதான சிலருக்கோ ஈறு இறங்கி வேர் தெரியும், பல் ஆடும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் பையின் ஆழம் மட்டும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. பை ஆழத்தையே நம்பினால் அவரும் நம் கணக்கிலிருந்து தப்பிவிடுவார். எனாமல் முடியும் கோட்டிலிருந்து பற்பிடிப்பு, அதாவது ஈறு பல்லைப் பற்றியிருக்கும் இடம், எவ்வளவு இறங்கியது என்று அளந்தால்தான் பிடிபடும்.

ஈறு நோயை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த முறையில் பெரியவர்களுக்குப் பத்துப் பல் பார்த்தால் போதும். 2013 கையேட்டில் எல்லாப் பல்லையும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ரத்தக்கசிவுக்கும் பைக்கும் தனித்தனி எண். நேரம் பிடிக்கும்தான். தறியை நிறுத்திவிட்டு வந்தவர் எத்தனை நேரம் வாயைத் திறந்து உட்காருவார்? அதனால் ஆளைக் குறையுங்கள், பல்லைக் குறைக்காதீர்கள். கூட்டத்தில் வந்தவரையெல்லாம் எட்டிப் பார்ப்பதைவிட, வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த சிலரை முழுசாகப் பார்ப்பது மேல்.

மாணவர்கள் கையையும் கொஞ்சம் பழக்குங்கள். பை ஆழம் அளக்கும் குண்டு முனைக் கம்பியை 20 கிராமுக்கு மேல் அழுத்தக் கூடாது. கட்டைவிரல் நகத்தடியில் வைத்து, நகம் வெளுக்கும் வரை அழுத்திப் பார்த்தால் அளவு கைவந்துவிடும். ஒருத்தர் தொட்டால் ரத்தம், இன்னொருத்தர் தொட்டால் இல்லை என்றால் நான் எதை எழுதுவது?

அடுத்த படிவத்தின் தலைப்பில் மூன்று கட்டம் சேர்த்துத் தாருங்கள்: எந்த அளவுகோல், எத்தனை பல், புகையிலை உண்டா இல்லையா. பழைய பத்துப் பல் எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு, நோய் கூடிவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முகாம்களில் படிவம் எழுதும் ஒருவன்,
பல்லடம் பக்கம்