அறுபதில் ஓட வேண்டிய மெசின்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

கனடாவிலிருந்து நீ அனுப்பிய புது வீட்டுப் படங்கள் நேற்று இரவு வந்தன. அம்மா வாசலையும் முன்னால் நிற்கும் மேப்பிள் மரத்தையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் குசினிப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பழைய ஆட்கள் விட்டுப்போன டிஷ்வொஷர், அடுத்த கிழமை எறியப்போகிறோம், அப்பாவுக்குச் சிரிப்பு வரட்டும்” என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை பிள்ளை. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரையாவது அந்தக் கோப்பை கழுவும் மெசினை எறியாதே.

கதவின் அவகாடோப் பச்சையைப் பார்த்தால் எழுபதுகளின் சாமான். அந்தக் காலத்தில்தான் அங்கே குளிர்ப்பெட்டி, அடுப்பு எல்லாம் அந்த நிறத்தில் வந்தன. கைப்பிடிக்குப் பக்கத்தில் கிச்சன்எய்ட் என்று எழுதியிருக்கிறது. நம்முடைய பல்கனியில் ஒரு வெள்ளை மெசின் நிற்கிறதே, போன முறை வந்தபோது நீ உடுப்புக் காயப்போட்டாயே, அதனுடைய கூடப்பிறந்தது உன் குசினியில் நிற்கிறது.

எங்களிடம் இப்போது இரண்டு மெசின்கள். அம்மா கணக்கில் மூன்று, கட்டிலுக்குக் கீழே துண்டு துண்டாகக் கிடப்பதையும் அவர் சேர்த்துக்கொள்வார். அது கொல்ஸ்டன் என்ற இங்கிலாந்துச் சின்ன மெசின். கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் எடுத்தது. இறக்குமதியை இறுக்கிப் பூட்டிய 70 - 77 காலத்தில் அதற்குத் தூளும் கிடைக்கவில்லை, றப்பரும் கிடைக்கவில்லை. அந்த வீட்டார் அதற்குள் அரிசிமா வைத்திருந்தார்கள். நான் கழற்றியபோது பம்புக்குள் வண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எனக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று பலமுறை கேட்டிருக்கிறாய். நான் பகிடி சொல்லித் தப்பியிருக்கிறேன். சூரிச் கதையை உனக்கு நான் வடிவாகச் சொன்னதில்லை.

1985இல் போனேன். ஐந்து வருடம் ஒரே ரெஸ்ரோறன்டின் பின்பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் “ஹோட்டலில் வேலை” என்று எழுதுவேன். அப்பு ஊரில் அதை “ஹோட்டலில் என்ஜினியர்” ஆக்கிவிட்டார். நான் செய்தது கோப்பை கழுவுதல். அந்தக் காலத்தில் அங்கே போன எங்கள் பெடியன்களில் முக்கால்வாசிப் பேர் செய்தது அதுதான், ஆனால் ஒருவரும் கல்யாணப் பேச்சில் அதைச் சொல்வதில்லை.

முதல் மூன்று மாதம் கையால், பெரிய சட்டி பானைகளோடு. பிறகு மெசினுக்கு மாற்றினார்கள். அதன் நெற்றியில் ஹோபார்ட் என்று எழுதியிருந்தது. ஐம்பதுக்கு ஐம்பது சென்ரிமீற்றர் கூடை. அடுக்கி உள்ளே தள்ளி, மூடியை இழுத்து இறக்கினால் ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கடைசி அலசல் எண்பது பாகைக்கு மேல், அதனால் துடைக்கவே வேண்டாம், வெளியே எடுத்த கையோடு கோப்பை தானாகக் காய்ந்துவிடும். எனக்கு அந்த நாட்டுப் பாஷை வராது. பெரிய சமையல்காரர் கத்துவது என்னையா வேறு ஆளையா என்றுகூடத் தெரியாது. ஆனால் மெசினின் சத்தம் ஒரு கிழமையில் பிடிபட்டுவிட்டது. ஒரு நாள் அந்தச் சத்தத்தில் ஒரு குறை கேட்டது. மூடியைத் திறந்து தண்ணீர் விசிறும் கையைக் கழற்றினால் ஓட்டைகளில் தேசிக்காய் விதைகள். ஊசியால் குத்தி எடுத்துத் திரும்பப் பூட்டினேன். அன்றிரவு பெரிய சமையல்காரர் எனக்குத் தன் கையால் இறைச்சி வெட்டி வைத்தார். அதற்குப் பிறகு மெசின் பழுதானால் ஆள் கூப்பிட முதல் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பு சொன்ன என்ஜினியர் வேலை அப்படித்தான் ஓரளவு உண்மையானது. திரும்பி வந்து கொழும்பில் ஹோட்டல் மெசின்கள் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனதும் அந்தத் தேசிக்காய் விதையின் புண்ணியம்.

சரி, மெசினுக்கு வருகிறேன். உன் குசினியில் நிற்பதையும் அந்த ஹோபார்ட் ஆட்கள்தான் செய்தார்கள். அதன் வேர் இன்னும் பழையது. இலினோய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் ஜோசஃபின் கொக்ரேன் என்று ஒரு பெண். வீட்டு வேலையாட்கள் தன் நல்ல பீங்கான்களைக் கழுவும்போது விளிம்பு உடைக்கிறார்கள் என்ற கோபம் அவருக்கு. கணவர் கடனை விட்டுவிட்டுச் செத்துப்போனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு வைத்து, பீங்கான்களின் அளவுக்குக் கம்பி அறைகள் வளைத்து, தண்ணீரை அடித்துக் கழுவும் மெசினைச் செய்து, 1886 டிசெம்பர் 28இல் காப்புரிமை எடுத்தார். 1893 சிக்காகோ கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. ஆனால் வாங்கியது வீடுகள் அல்ல, ஹோட்டல்கள். வீடுகளில் அவ்வளவு சுடுதண்ணீர் இல்லை. அவர் இறந்த பிறகு, 1926இல், அவர் தொடங்கிய கம்பனியை ஹோபார்ட் வாங்கியது. 1949இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு மெசின் வந்தது. 1986இல் அந்தப் பெயர் வேர்ல்பூல் என்ற கம்பனியிடம் போய்விட்டது.

கொழும்பில் இது பரவாததற்கும் சுடுதண்ணீரைக் காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் வேறு. எங்கள் ஆட்களின் வீடுகளில் மலைநாட்டிலிருந்து கூட்டிவந்த ஒரு சின்னப் பிள்ளை குசினி மூலையில் குந்தியிருந்து, சாம்பலும் தும்பும் போட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். எந்த மெசினையும்விட அந்தப் பிள்ளை மலிவு. என் பெரியம்மா வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. அதற்கு எத்தனை வயது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

பல்கனி மெசின் 2014இல் வந்தது. கறுவாத்தோட்டத்தில் ஒரு வெளிநாட்டு அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை முற்றத்தில் போட்டு விற்றார். உங்கள் பக்கத்து, வட அமெரிக்க 120 வோல்ற் சாமான் என்பதால் அதை ஒருவரும் தொடவில்லை. மெசினின் விலையைவிட லொறிக் கூலி அதிகம். லிஃப்டுக்குள் ஏற்ற நாங்கள் பட்ட பாட்டைக் கீழ்வீட்டு அன்ரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

வோல்ற் பிரச்சினை பெரிதல்ல, ட்ரான்ஸ்போமர் போட்டால் இறங்கிவிடும். பிடிவாதமானது ஹேர்ட்ஸ். அங்கே கறண்ட் ஒரு செக்கனுக்கு அறுபது முறை அலைகிறது, இங்கே ஐம்பது. பழைய மெசினின் ரைமர் அந்த அலைகளை எண்ணித்தான் நகரும். அதனால் அங்கே ஒரு மணித்தியாலத்தில் முடியும் கழுவல் இங்கே 72 நிமிடம். பம்ப் மோட்டரும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தண்ணீர் அடிக்கும் விசை வேகத்தின் வர்க்கப்படி விழுவதால் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும். ஐம்பதில் ஓடும் மோட்டருக்கு முழு 120 வோல்ற் கொடுத்தால் சூடேறிவிடும் என்று 100 வோல்ற்றில் ஓட்டுகிறேன். அப்படிச் செய்தால் சூடாக்கும் கம்பியும் பத்தில் ஏழு பங்குச் சூடுதான் தருகிறது. மேல் தட்டில் வைத்த கிளாஸ்களுக்குத் தண்ணீர் தூறலாகத்தான் போகும். பத்து வருடத்துக்கு மேலாக அது இப்படித்தான், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, ஆனால் நிற்காமல் ஓடுகிறது.

அம்மா தினமும் பாவிப்பது அதையல்ல, குசினிக்குள் நிற்கும் எண்பதுகளின் மீலே என்ற ஜேர்மன் மெசின். அது எங்கள் கறண்டிலேயே ஓடும், பச்சைத் தண்ணீரைத் தானே சூடாக்கும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்களே, அப்போது அதன் அருமை தெரிந்தது. ரைமர் முழுக்கப் பல்சக்கரமும் தகடும்தான். கறண்ட் போனால் நின்ற இடத்தில் நிற்கும், வந்தால் அதே இடத்திலிருந்து தொடங்கும். பின்னேரம் பாதியில் நின்றது ஒருநாள் நடுச்சாமத்தில் தானாக வேலையைத் தொடங்கியது. அம்மா கள்ளன் வந்துவிட்டான் என்று என்னைத் தட்டி எழுப்பினார். கள்ளன் வந்து கோப்பை கழுவுவானா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நான் செய்த பிழைகளையும் சொல்லவேண்டும். அம்மாவின் கல்யாணக் கிளாஸ்கள் பால் நிறமாக மாறியது என்னால்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலில் வெள்ளை படியும். அந்த நினைப்பில் கொழும்புத் தண்ணீருக்கும் சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டேன். இது களனி கங்கையும் மலையடிக் குளங்களும் தரும் மென்மையான தண்ணீர். மென்மையான தண்ணீரில் தூள் கூடினால் கிளாஸையே அரித்துவிடும். வினாகிரி போட்டுத் துடைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பென்றால் போயிருக்கும். போகவில்லை.

இன்னொரு முறை கிச்சன்எய்ட்டின் கதவு றப்பருக்குப் பதிலாகப் பஞ்சிகாவத்தையில் வாகனக் கதவுக்குப் போடும் றப்பரை வாங்கி ஒட்டினேன். மூன்று கழுவல் தாங்கியது. நான்காவதில் சூட்டுக்கு இளகி, கீழ்வீட்டு அன்ரியின் சாமியறைக்குத் தண்ணீர் இறங்கிவிட்டது. சாமி படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அர்ச்சனை.

எங்கள் சமையலுக்கு இந்த மெசின்கள் பாதிதான் உதவும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மண்சட்டி போடக்கூடாது, சவர்க்காரத்தைக் குடித்துவிடும். அலுமினியம் கறுக்கும். சிரட்டை அகப்பை வெடிக்கும். தோசைக்கல்லை நினைத்தும் பார்க்கக்கூடாது. “மூன்று மெசின் நிக்கிற வீட்டிலை சட்டி தேய்க்கிறது நான்தான்” என்று அம்மா சொல்வதில் பிழையில்லை. ஆனால் சொதி ஊற்றிய கோப்பையின் தேங்காய்ப்பால் நெய்யைச் சுடுதண்ணீர் எடுப்பதுபோல் கை எடுக்காது. மஞ்சள் பிடித்த கூடையை மட்டும் வெயிலில் வைத்துவிடு, இரண்டு நாளில் வெளுத்துவிடும்.

இனி உன் மெசின். முதலில் பிரேக்கரை இறக்கிவிட்டு வேலை செய். அடித்தட்டில் இரண்டு கோப்பை சுடுதண்ணீர் ஊற்றி ஒரு இரவு விடு. கன நாள் சும்மா நின்றால் பம்பின் றப்பர் வளையம் காய்ந்து ஒட்டியிருக்கும், இளகட்டும். விசிறும் கையைக் கழற்றி ஓட்டைகளை ஊசியால் குத்திப் பார். முன் அடித் தகட்டைக் கழற்றி வயர்களின் மேலுறை உதிர்கிறதா என்று பார்க்க மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடு. உதிர்ந்தால் ஓட்டவே வேண்டாம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லாம் சரியென்றால், தொடங்க முதல் குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் நன்றாகச் சுடும்வரை விடு. அந்தக் காலத்து மெசின்கள் அறுபது பாகைத் தண்ணீர் வரும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. மாத்திரை வடிவில் வருவதைப் போடாதே, முதல் தண்ணீரோடு பாதி கரைந்து வெளியே போய்விடும். தூள்தான் போடவேண்டும், மூடியுள்ள கிண்ணத்திலும் கொஞ்சம், திறந்த கிண்ணத்திலும் கொஞ்சம். கனடாவில் 2010 யூலையிலிருந்து தூளில் பொஸ்பரசைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிட்டார்கள். இப்போதைய தூள் என்சைமை நம்பி நிற்கிறது, அதற்குச் சூடும் வேண்டும், கொஞ்சம் அழுக்கும் வேண்டும். கோப்பையைப் பளபளவென்று கழுவிவிட்டு உள்ளே வைக்காதே.

அதையே வைத்திருந்து தினமும் பாவி என்று நான் சொல்லவில்லை. ஒரு கழுவலுக்கு நாற்பது லீற்றருக்கு மேல் குடிக்கும், புதியவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் போதும். வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்க்கிற உனக்குப் புதிய மெசின்தான் சரி. மருமகனிடம் சொல், நான் ஒன்றும் கோபிக்க மாட்டேன். எறிய முதல் கதவு றப்பரை மட்டும் வெட்டாமல் முழுதாகக் கழற்று. மேல் தட்டின் சின்னச் சில்லுகள் எட்டையும் எடு. இரண்டும் அடுத்த முறை வருகிறவர்களின் பெட்டியில் கட்டாயம் இடம் பிடிக்கும்.

ஆனால் கழற்ற முதல் ஒருமுறை ஓட்டு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓட்டினால் எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை. வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, தொலைபேசியைக் கதவுக்குப் பக்கத்தில் வை. நீ ஒன்றும் கதைக்க வேண்டாம். அது அறுபதில் ஓடும் சத்தத்தை நான் இன்னும் கேட்டதில்லை.

அம்மா பக்கத்தில் இருந்து, முழு ஒரு மணித்தியாலமுமா கேட்கப்போகிறீர்கள் என்று கேட்கிறார். ஓம் என்றேன். அதையும் எழுதுங்கள் என்கிறார்.

அன்புடன்,
அப்பா