ஊசி எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் முகூர்த்தம் இல்லாத நாட்களில் திருமண மண்டபங்களில் அக்குபங்சர் முகாம், அதாவது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி போடும் சீனச் சிகிச்சை முகாம், நடப்பது வழக்கமாகிவிட்டது. முட்டி வலிக்காரர்கள், கழுத்து பிடித்துக்கொண்ட தறிக்காரர்கள், நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றி இடுப்பு விட்டுப்போன பெண்கள் என்று காலையிலேயே வரிசை நிற்கிறது. இவர்களுக்கு இந்தச் சிகிச்சையால் பலன் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் இக்கடிதம். ஆனால் "பக்க விளைவே கிடையாது" என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடிப்பது தவறு. போட வேண்டிய இடத்தில், போட வேண்டிய ஆழத்தில், புது ஊசியைப் போட்டால்தான் அந்த வாக்கியம் ஓரளவுக்காவது நிற்கும்.

முதலில் சாப்பாடு. வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் முகாம்கள் இருக்கின்றன. அது கூடவே கூடாது. ஊசி பட்டதும் சிலருக்கு இதயத் துடிப்பு மந்தமாகி ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கொட்டாவி வரும், முகம் வெளுக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, பிறகு மயக்கம். பசி, தூக்கமின்மை, பயம், வெயிலில் நடந்து வந்த களைப்பு எல்லாம் இதைக் கூட்டும். சித்திரை, வைகாசி வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். முதல் தடவை ஊசி போட்டுக்கொள்பவரைப் படுக்க வைத்தே போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்துத் தோளிலும் முதுகிலும் குத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போனால், மயங்குபவர் ஊசியோடு சேர்ந்து சரிவார். மயக்கம் வந்தால் எல்லா ஊசியையும் உடனே எடுத்து, தட்டையாகப் படுக்க வைத்து, காலுக்கு அடியில் தலையணை கொடுக்க வேண்டும். நன்றாக நினைவு திரும்பிய பிறகே சர்க்கரைத் தண்ணீர்.

நாடி பார்க்கும் மேசையில் இன்னொரு குழப்பம். நம் சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறார். சீன முறையிலும் மூன்று விரல்தான், ஆனால் கணக்கு வேறு. இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகத்தின் வெப்பக்கூறு. லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை. பூதக் கணக்கும் அப்படியே. சீனர்களின் ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம்முடைய ஐந்தில் காற்றும் ஆகாயமும் உண்டு, மரமும் உலோகமும் இல்லை. இங்குள்ள பல பயிற்சி வகுப்புகளில் மரத்தை ஆகாயம் என்றும் உலோகத்தைக் காற்று என்றும் மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுக்க வசதிதான். ஆனால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் விழுந்துவிடுகிறது.

இதில் ஆளைக் கெடுப்பது "கிட்னி வீக்காக இருக்கிறது" என்ற ஒரு வார்த்தை. சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது எலும்பு, காது, தலைமுடி, பயம் எல்லாம் அடங்கிய ஒரு கருத்து. அதற்கும், சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவுக்கும் சம்பந்தமில்லை. கிரியேட்டினின் 0.8 என்று சரியாக இருப்பவர் இதைக் கேட்டு ராத்திரி தூக்கத்தை இழக்கிறார். நிஜமாகவே சிறுநீரகம் பழுதானவர் "நாடி சரியாகிவிட்டது" என்று கேட்டு மருத்துவமனைக்குப் போவதை நிறுத்துகிறார். நாடியும் பூதமும் எந்தப் புள்ளியில் ஊசி போடலாம் என்று தேர்ந்தெடுக்க உதவும் மொழி. அதை வைத்து உறுப்பின் பெயரைச் சொல்லி நோய் கூறக் கூடாது.

இனி ஊசி. பெரும்பாலும் 0.25 மி.மீ. தடிமன், 25 அல்லது 40 மி.மீ. நீளம். மருந்து ஏற்றும் ஊசியில் பாதி தடிமன்கூட இருக்காது, உள்ளே துளையும் கிடையாது. துளை இல்லை என்பதால் தொற்று வராது என்று நினைக்கக் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத் துளியிலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். வெந்நீரில் அலசுவதும் ஸ்பிரிட்டில் ஊற வைப்பதும் போதாது. ஒருவருக்கு ஒரு முறை, அத்தோடு அந்த ஊசியின் வேலை முடிந்தது. பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பத்து ஊசிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் வரும், ஊசியை அதற்குள் வைத்துத் தட்டி இறக்குவார்கள். முகாமில் ஊசி மாறும், அந்தக் குழாய் மட்டும் கை மாறிக்கொண்டே போகும். தோலைத் தொடும் பொருள் அது. ஆளுக்கு ஒன்று வேண்டும்.

புள்ளியை அளக்கும் கோல் நோயாளியின் சொந்த விரல். இதற்குப் பெயர் சுன். அவருடைய கட்டைவிரல் கணுவின் அகலம் 1 சுன். ஆள்காட்டி முதல் சுண்டு வரை நான்கு விரலையும் சேர்த்து வைத்தால் 3 சுன். போடுபவர் தன் விரலால் அளந்தால் குழந்தைக்கும் பெரியவருக்கும் இடம் மாறிப்போகும். குமட்டலை அடக்கப் பேர்பெற்ற பி.சி. 6 புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள் (புள்ளிகளுக்கு இப்படி எழுத்தும் எண்ணுமாகத்தான் பெயர்). உள்ளங்கையை மேலே திருப்பி லேசாக மடக்கினால் மணிக்கட்டில் ஒரு மடிப்பு விழும். அங்கிருந்து முழங்கை நோக்கி 2 சுன், அதாவது இரண்டு கட்டைவிரல் அகலம். முஷ்டி பிடித்தால் அங்கே கயிறு போல இரண்டு தசைநாண் புடைக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் புள்ளி. சிலருக்கு அதில் ஒரு தசைநாண் பிறவியிலேயே இருக்காது, அப்போது கையின் நடுக்கோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் மீடியன் நரம்பு ஓடுகிறது. நேராக ஒரு சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் விரல் நுனிக்கு மின்சாரம் பாய்ந்ததுபோல் சுளீரென்றால் ஊசி நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். பாரமாக, மந்தமாக, உள்ளே ஏதோ இறுக்குவதுபோல் இருப்பது வேறு. சீனர்கள் "தே சீ" என்று தேடுவது அந்தப் பார உணர்வைத்தான். சுளீரென்ற வலியைத் "சக்தி பாய்கிறது" என்று விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள்.

தோளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து அங்கேதான். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே மேட்டில் இருப்பது ஜி.பி. 21. தறிக்காரர்களுக்கும் தையல்காரர்களுக்கும் கைவைத்தாலே கல்லாக இருக்கும் இடம். நுரையீரலின் உச்சி காரை எலும்புக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி நிற்கிறது. மெலிந்தவருக்கு அந்த மேட்டின் தோலிலிருந்து நுரையீரல் உறை வரை இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாமல் போகலாம். அங்கே 40 மி.மீ. ஊசியை நேராகக் கீழே இறக்கினால் நுரையீரலில் ஓட்டை விழும். சரியான முறை, தசையைக் கட்டைவிரலாலும் விரல்களாலும் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கி, தூக்கிய சதைக்குள்ளேயே குறுக்காகப் போடுவது. பிடித்த விரல் விடக் கூடாது. முதுகின் மேற்பகுதியில் விலா எலும்புகளுக்கு இடையே போடும்போதும் சாய்த்து, முதுகெலும்பை நோக்கித்தான் போட வேண்டும். நெஞ்சு நடு எலும்பின் மேலுள்ள புள்ளியும் இப்படித்தான். சிலருக்கு அந்த எலும்பில் பிறவியிலேயே ஒரு துளை இருக்கும், அதற்குப் பின்னால் இதயம். அங்கே தோலை ஒட்டிப் படுக்கை வாட்டில் போட வேண்டுமே தவிரச் செங்குத்தாகக் கூடாது.

நுரையீரல் குத்துப்பட்டால் உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. முகாம் முடிந்து பஸ் ஏறி வீடு போய், சாயங்காலம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் ஒரு பக்கம் குத்தும். படி ஏறினால் இளைக்கும், வறட்டு இருமல் வரும். "வாயு" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்ளக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், தோளில் ஊசி போட்டார்கள் என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த யோசனை வரும்.

ஊசி சிக்கிக்கொள்வது சின்ன விஷயம், பதறினால் பெரிதாகும். ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால் தசைநார் ஊசியைச் சுற்றிக்கொள்ளும். நோயாளி அசைந்தாலும் தசை இறுகிப் பிடிக்கும். இழுக்கக் கூடாது. எதிர்த்திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். சுற்றிலும் விரலால் தட்டிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் விட்டுவிடும். முறிவதென்றால் பெரும்பாலும் கைப்பிடியும் கம்பியும் சேரும் இடத்தில்தான் முறியும். அதனால்தான் கைப்பிடி வரை முழுசாக அமுக்கக் கூடாது என்பது, கொஞ்சம் கம்பி வெளியே தெரிய வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கட்டைவிரல் இடுக்கிலுள்ள எல்.ஐ. 4, கணுக்காலுக்கு மேலுள்ள எஸ்.பி. 6, தோள் மேட்டு ஜி.பி. 21, அடிவயிறு, இடுப்புக்குக் கீழ் ஆகியவை மரபுப்படியே விலக்கு. ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவரும் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர்காரருக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

ஊசிக்கு அடுத்தது சூடு வைப்பது, அதாவது மாக்ஸா. மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைப் பஞ்சாக்கி உருட்டிக் கொளுத்துவார்கள். மாலையில் சேர்த்துக் கட்டும் தவனத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தோல் லேசாகச் சிவக்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம். "சூடு பொறுக்கவில்லை என்றால் சொல்லுங்கள்" என்பதுதான் இதில் பாதுகாப்பு. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர் எப்படிச் சொல்வார்? நெருப்பு தோலைப் பொசுக்கிய பிறகும் "இதமாக இருக்கிறது" என்பார். தொழுநோயில் கைகால் புண்ணாகிக் கரைவது உணர்ச்சி போனதால்தான் என்று மருத்துவர் பால் பிராண்ட் உலகத்துக்குக் காட்டிய ஊர் இது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே மரத்த பாதத்துக்குச் சூடு வைப்பது எந்த வகையிலும் சரியில்லை. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பஞ்சால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பலன் எவ்வளவு என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 47.6 பேருக்கு நல்ல குணம். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகப் போட்டுக்கொண்டவர்களில் 44.2. வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4. ஊசிக்குப் பலன் இருக்கிறது, புள்ளியின் நுணுக்கத்தால் வரும் கூடுதல் பலன் குறைவு என்றுதான் இதைப் படிக்க வேண்டும். அதோடு அங்கே ஒரு தடவைக்கு அரை மணி நேரம், வாரம் இரண்டு என்று பத்துத் தடவை போட்டார்கள். ஒரே நாள் முகாமில் ஐந்து நிமிட ஊசிக்கு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

இதைவிட முக்கியமானது முகாமை விட்டுக் கிளம்பும்போது காதில் போடும் வார்த்தை: "இனி இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம்." ஊசியால் நேர்வதைவிடப் பெரிய கேடு இந்த வார்த்தையால் நேர்கிறது. சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடும் பிள்ளை அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி நினைவிழக்கும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அடுத்து அந்த மருந்தே கேட்காமல் போகலாம். அக்குபங்சர் படித்தவருக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வேலை இல்லை. வலி குறைந்து வலி மாத்திரை தேவைப்படாமல் போனால் சந்தோஷம், அதையும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

பெயர் ஒட்டாத மூலிகைப் பொடிக்கும் இதே எச்சரிக்கைதான். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய சீன மூலிகை சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. "ஃபாங் ஜி" என்ற பெயரில் இரண்டு வேர்கள் உண்டு, ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிட்டது. மாறி வந்த வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. நம் வேலியோரத்து ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனம். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தால் மூலிகையும் ஒன்று என்று நினைத்தால் இதுதான் நடக்கும்.

2019-இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. மேற்கு வங்கம் 1996-இலேயே இதற்குச் சட்டம் போட்டது, மகாராஷ்டிரத்திலும் உண்டு. தமிழ்நாட்டிலும் அப்படிப் பதிவேடும் தேர்வும் வர வேண்டும். அதுவரை மாவட்டச் சுகாதாரத் துறை முகாம் நடத்துபவர்களிடம் மூன்றைக் கேட்கலாம்: ஊசி போடுபவரின் படிப்புச் சான்று, பயன்படுத்திய ஊசியைக் கழிக்க 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் துளைபடாத வெள்ளை டப்பா, ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் எந்தெந்தப் புள்ளி, போட்ட ஊசி எத்தனை, எடுத்தது எத்தனை, ராத்திரி மூச்சு முட்டினால் கூப்பிட ஒரு போன் நம்பர். எண்ணிக்கை எழுதுவது வீண் வேலை என்று நினைப்பவர்கள் உச்சந்தலையிலும் பிடரியிலும் போடும் புள்ளிகளை நினைத்துக்கொள்ளட்டும். எண்ணெய் வைத்துப் பின்னிய தலைமுடிக்குள் ஓர் ஊசி தங்கிவிட்டால், பஸ்ஸில் உட்கார்ந்து தலையைச் சாய்க்கும்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
அக்குபங்சர் சிகிச்சையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.