ஃபார்மட் போட்டதும் வைஃபை போனால், கார்டு போய்விட்டது என்று அர்த்தமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பழைய லேப்டாப்புகளுக்கு வேறு இயங்குதளம் ஏற்றும் வேலை எல்லா ஊர்களிலும் நடக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்றவையும் அவற்றில் உண்டு. ஃபார்மட் போட்டதும் வைஃபை சின்னம் காணாமல் போகிறது. “கார்டு போச்சு, பழைய மாடல், இனி கிடைக்காது” என்ற பதிலைக் கேட்டு, நல்ல நிலையில் உள்ள கணினியைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் கார்டுக்கு, அதாவது வைஃபையைப் பிடிக்கும் சிறு பலகைக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கார்டில் உள்ள சிப் எது என்று தெரிய வேண்டும். லேப்டாப்பின் பெயரை வைத்து டிரைவர் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரே மாடலிலேயே ஒரு தொகுதிக்கு பிராட்காம் சிப்பும் அடுத்த தொகுதிக்கு ரியல்டெக் சிப்பும் வைத்து விற்பது சாதாரணம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று நிற்கும் வரியில் ப்ராப்பர்டீஸ் போய், டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வென்’ என்பதை அடுத்துள்ள நான்கு எழுத்து எண் தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 இன்டெல், 14ஈ4 பிராட்காம், 168சி ஏதரோஸ், 10ஈசி ரியல்டெக், 1814 ராலிங்க். ‘டெவ்’ என்பதை அடுத்துள்ள நான்கும் சிப்பைச் சொல்லும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில், கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையோடு இடைவெளி விட்டு ‘-என்என்கே’ சேர்த்துச் சின்ன எழுத்தில் அடித்தால் இதே எண்களோடு, எந்த டிரைவர் அதைக் கையாள்கிறது என்பதும் வரும். யுஎஸ்பி கார்டுக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி’. இந்த எட்டு எழுத்துகளையும் ஒரு சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிடுவது நல்லது.

இணையம் இல்லாமல் டிரைவர் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை டேட்டா போகும் யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே இணைப்பையே கணினிக்குக் கடத்தும். மொபைல் டேட்டா செலவாகாது. லினக்ஸ் இதை உடனே ஏற்கும். சில பழைய விண்டோஸ் 7 கணினிகள் ஏற்கத் தயங்கும். அங்கே லேன் கேபிள் அல்லது வேறு கணினியில் நிரப்பிய பென் டிரைவ்தான் வழி. எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடுவதாகச் சொல்லும் ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்களின் பக்கமே போகாதீர்கள். தேவையில்லாத விளம்பர மென்பொருளைக் கூடவே இறக்கிவைப்பவை அவற்றில் நிறைய. லேப்டாப் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கமும் சிப் தயாரிப்பாளரின் பக்கமும் போதும்.

விண்டோஸ் 7-இல் செட்டப் கோப்பு ‘இந்தக் கணினிக்குப் பொருந்தாது’ என்று நின்றுவிட்டால் அதோடு கைவிட வேண்டாம். இறக்கிய கோப்பைப் பிரித்தால் உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து உங்கள் ‘டெவ்’ எண்ணைத் தேடுங்கள். எண் இருந்தால் அந்த டிரைவர் உங்கள் சிப்புக்கானது. டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’, பிறகு ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ என்று போய் அந்தக் கோப்புறையைக் காட்டினால் ஏறிவிடும். 32 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர் ஏறாது; இதைப் பார்க்காமலே பாதிப் பேர் நேரத்தை இழக்கிறார்கள். பிழை எண்ணையும் கவனியுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 22 என்றால் சாதனம் முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக்கில் எனேபிள் செய்தால் போதும். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. சர்வீஸ் பேக் 1 மட்டும் போட்ட விண்டோஸ் 7-க்கு ஷா-2 என்ற புதிய முறைக் கையொப்பத்தைப் படிக்கத் தெரியாது. கேபி3033929 என்ற அப்டேட்டைப் போட்ட பிறகு அதே டிரைவர் சத்தமில்லாமல் ஏறும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அது வேண்டாம்.

எனவே இந்த வயதுக் கணினிகளுக்கு லினக்ஸே நல்லது. 64 பிட் செயலி என்றால் லினக்ஸ் மின்ட், 32 பிட் மட்டும் தாங்கும் செயலி என்றால் டெபியன் 12. அடுத்து வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டு கிடையாது. ஏதரோஸ் ஏஆர்9285, ஏஆர்9485 சிப்புகள் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள்) கூடக் கேட்காமல் எடுத்த எடுப்பில் வேலை செய்யும். இன்டெல் கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் தேவை. அது இந்த இரண்டு நிறுவல் வட்டுகளிலும் உண்டு. தொல்லை தருபவர் பிராட்காம்தான்.

பிராட்காமில் ‘டெவ்’ எண் 4315 என்றால் பி43 டிரைவரும் அதற்கான ஃபர்ம்வேரும். இந்த ஃபர்ம்வேரை வட்டில் சேர்த்து வழங்க உரிமை இல்லாததால் இணையத்திலிருந்து இறக்கித்தான் போட வேண்டும். போன் டெதரிங் இங்கேதான் கைகொடுக்கும். 4365 என்றால் பிராட்காமின் ‘டபிள்யூஎல்’ டிரைவர் தவிர வேறு கிடையாது. லினக்ஸ் மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ இதைத் தானே கண்டுபிடித்துக் காட்டும்; இணையம் இல்லாவிட்டால் நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவைச் செருகச் சொல்லி அதிலிருந்தே ஏற்றும். இரண்டு டிரைவரையும் மாறி மாறிப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. டபிள்யூஎல் ஏறும்போது பி43-ஐத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. பிறகு டபிள்யூஎல்லை நீக்கினாலும் சில சமயம் அந்தத் தடைக் கோப்பு ‘மோட்ப்ரோப்.டி’ கோப்புறையில் தங்கிவிடும். இரண்டுமே வேலை செய்யாத நிலை இப்படித்தான் வருகிறது. கோப்பை அழித்துவிட்டு மறுபடி துவக்குங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை போனால், புதிய கெர்னலுக்கு டபிள்யூஎல் மறுகட்டமைப்பு ஆகவில்லை என்று பொருள். துவக்கத் திரையில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கெர்னலில் நுழைந்தால் வைஃபை திரும்பிவிடும்; அதன் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். செக்யூர் பூட் உள்ள கணினியில், கையொப்பம் இல்லாத இந்த டிரைவரைக் கெர்னல் ஏற்காது. கணினி துவங்கும்போது நுழையும் அமைப்புத் திரையான பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கவும்.

ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஈ, அதாவது ‘டெவ்’ எண் பி723, வேறு ஒரு வகை. டிரைவர் ஏறிவிடும், பட்டியலில் வீட்டு வைஃபை தெரியும், ஆனால் ரூட்டரை விட்டு இரண்டடி நகர்ந்தால் சிக்னல் போய்விடும். சில லேப்டாப்புகளில் இரண்டு ஆன்டெனா முனைகளில் ஒன்றில் மட்டும் கம்பி இணைத்திருப்பார்கள். டிரைவர் கம்பியில்லாத முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மோட்ப்ரோப்.டி கோப்புறையில் இந்த டிரைவருக்கான கோப்பு ஒன்றில் ‘ஆன்ட்_செல்’ மதிப்பை 2 என்று எழுதி மறுபடி துவக்கிப் பாருங்கள், சரியாகாவிட்டால் 1. விடை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். கார்டு மாற்றச் செலவழிக்கும் முன் இந்த ஒரு வரியை எழுதிப் பார்ப்பது கட்டாயம்.

சிப் தெரிகிறது, டிரைவர் இருக்கிறது, ஆனால் ஒரு நெட்வொர்க் கூடத் தெரியவில்லை என்றால் பக்கவாட்டில் உள்ள வைஃபை சுவிட்சைத் தேடுங்கள். டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று அடித்தால் தடை எங்கே என்று தெரியும். ‘சாஃப்ட் பிளாக்டு’ என்றால் கட்டளையாலேயே நீக்கலாம். ‘ஹார்டு பிளாக்டு’ என்றால் சுவிட்ச், எஃப்என் விசை, பயாஸ் ஆகிய மூன்றில் ஒன்று.

எல்லா நெட்வொர்க்கும் தெரிந்து வீட்டு நெட்வொர்க் மட்டும் தெரியாவிட்டால் குறை ரூட்டரில் இருக்கலாம். மேலே சொன்ன ஏதரோஸ், ரியல்டெக் சிப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரூட்டரில் அந்த அலைவரிசை அணைந்திருக்கிறதா பாருங்கள். சேனல் 12 அல்லது 13-இல் இருந்தால் அமெரிக்காவுக்கென அமைத்த கார்டுகளுக்குத் தெரியாது. 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய கார்டு இணையாமல் போகலாம். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றவும். டிகேஐபி என்ற பழைய முறை வேண்டாம், அதில் வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டாது.

இணைந்தும் எந்தத் தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை வந்தால் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள சிறிய மின்கலம் தீர்ந்து, கணினி 2010-இலோ 2012-இலோ நின்றிருக்கும். தேதியைத் திருத்தி, சிஆர்2032 மின்கலம் ஒன்று மாற்றினால் முடிந்தது.

உண்மையிலேயே கார்டு இறந்திருந்தால் மாற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய ஹெச்பி, லெனோவோ லேப்டாப்புகள் பலவற்றின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் துவங்கவே மறுக்கும். அங்கே சிறிய யுஎஸ்பி கார்டு போடுவதே எளிது. ஆனால் யுஎஸ்பி கார்டிலும் பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதரோஸ் சிப். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். பெட்டியில் உள்ள பதிப்பு எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபார்மட் போடும் முன், விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர் ஸ்டோர், அதற்குள் ஃபைல் ரெபாசிடரி என்ற கோப்புறையை அப்படியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மறுபடி அதே விண்டோஸை ஏற்றினால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கோப்புறையைக் காட்டினாலே வைஃபை டிரைவர் வந்துவிடும். ‘வென்’, ‘டெவ்’ எண்களை வாடிக்கையாளரின் பில்லில் எழுதிக் கொடுங்கள். மடிக்கணினி பெற்ற மாணவர்கள் படித்த பள்ளிகளின் கணினி ஆசிரியர்களும், தங்கள் பள்ளிக்கு எந்த ஆண்டு எந்த மாடல் வந்தது, அதில் என்ன சிப் என்று ஒரு பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டி வைக்கலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
திண்டுக்கல்.